ஆடும் புள்ளி, ஆடாத புள்ளி

ரத்தினம் அண்ணன் போய்விட்டார் என்று சொல்ல அவர் மைத்துனர் வந்தபோது நான் சட்டைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தும், "என்ன, அண்ணன் இன்னிக்கு லீவா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. விஷயம் தெரிந்த பிறகும் கிண்டுவதை நிறுத்தவில்லை. கஞ்சி கட்டி தட்டினால் அண்ணனுக்குப் பிடிக்காது.

சிராங்கூன் சாலைச் சலவைக்கடையில் அவரோடு பதினைந்து வருடம் நின்றவள் நான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் எழுதுகிறேன். சுருக்கம் இருந்தால் அவரைத் தெரிந்த நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.

தேய்த்த துணியை மடித்துக் காகிதத்தில் சுற்றும் முன் கறை இருக்கிறதா என்று பார்ப்பது அண்ணன் வேலை. அவர் கண்ணுக்கோ பிறந்ததிலிருந்தே எங்கே பார்த்தாலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சுவரில், வானத்தில், முதலாளியின் வழுக்கையில்கூட. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று கல்யாணம் ஆகும்வரை நினைத்திருந்தாராம்.

"சலிச்ச ரவை கீழ விழாம காத்துலயே குதிச்சுக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான்மா," என்பார்.

"அப்ப உப்புமா கிண்டிடலாம்லா அண்ணே," என்பேன்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் கறையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கேட்டால் ஒரே பதில். "ஆடுற புள்ளி என்னோடது. ஆடாத புள்ளி சட்டையோடது." சட்டையைத் தோளில் பிடித்துத் தூக்கி, அரை நிமிடம் மூச்சுக்கூட விடாத மாதிரி நிற்பார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைப்பார். அங்கே கறை இருக்கும்.

அந்தக் கணக்கு ஒரே ஒரு முறைதான் தப்பியது. ஒரு மாப்பிள்ளைக்குப் பட்டுச் சட்டை, கெட்டிக் கஞ்சி போட்ட வேட்டி. கஞ்சி வாசனைக்குச் சுள்ளெறும்பு ஏறியிருக்கிறது. அண்ணன் பார்த்தார். புள்ளிகள் ஆடின. தன்னுடையவை என்று நினைத்துப் பத்திரமாகச் சுற்றி அனுப்பிவிட்டார். மணமேடையில் மாப்பிள்ளை உட்காரவேயில்லையாம். தாலி கட்டும்போதும் ஒரு காலில் குதித்துக்கொண்டிருந்தாராம்.

முதலாளி கொதித்துவிட்டார். "கண் டாக்டரைப் போய்ப் பாரு. கண்ணு கெட்டிருந்தா இந்த மாசத்தோட வேலை இல்ல!" அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு மலாய் நன்றாக வரும் என்று நானும் கூடப் போனேன். சீன டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துப் படிக்கச் சொன்னார். "மாத்தா பாகூஸ்!" என்று முதுகில் தட்டினார். அருமையான கண்ணாம்.

முதலாளி இன்னும் கொதித்தார். "நல்ல கண்ணா? அப்ப இத்தன வருசமா புள்ளி, புள்ளின்னு பொய்யா சொன்னே? பொய்யனுக்கும் இந்த மாசத்தோட வேலை இல்ல!"

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "நீயும் நம்பலையாம்மா?" என்று கேட்டார். நான் கஞ்சி கிண்டப் போய்விட்டேன்.

மாசம் முடிய ஒரு வாரம் இருந்தபோது முதலாளி டெலிவிஷன் வாங்கினார். பெருமை தாங்காமல் எங்கள் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். வேலை போகப்போகிற அண்ணனும் வந்தார். குமிழைத் திருகியதும் படம் வரவில்லை. இரைச்சலோடு கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிகள் குதித்தன. முதலாளி பெட்டியின் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"தட்டாதீங்க முதலாளி!" அண்ணன் எழுந்து ஓடினார். "இதுதான்! நான் பாக்குறது இதுதான்! சத்தம் மட்டும் கிடையாது!"

முதலாளி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாள் பூராவா?" என்றார் முதலாளி.

"நாள் பூரா."

"எப்படிய்யா நிப்பாட்டுறது?"

"தெரிஞ்சா நிப்பாட்டியிருக்க மாட்டேனா?"

முதலாளி பெட்டியை அணைத்தார். தலையைத் தடவிக்கொண்டே, என்னைக் காட்டி அண்ணனிடம் சொன்னார்: "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடு. ஆடாததை நீ பாரு. ஆடுறதை இவ பாக்கட்டும். இவளும் எந்நேரமும் ஆடிக்கிட்டுத்தானே இருக்கா!"

அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டையையும் இரண்டு பேராகப் பார்த்தோம். இப்போது இரண்டு வேலையும் என்னுடையது. எந்த டாக்டரும் மெச்சாத சாதாரணக் கண்தான் என்னுடையது, ஆனால் ஒரு புள்ளியும் ஆடாத கண். அப்படியிருந்தும் முதல் நாளே மூன்று கறைகளைத் தவறவிட்டேன். பதினைந்து வருடத்தில் அண்ணன் ஒன்றைக்கூட விட்டதில்லை.

அதனால் அவர் நின்ற மாதிரியே இப்போது நானும் நிற்கிறேன். ஒரு சட்டைக்கு அரை நிமிடம், வாயைத் திறக்காமல். "அக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கடையில் எல்லாரும் வந்து கேட்கிறார்கள். அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அரை நிமிடம்தான். அதற்கு மேல் என்னால் முடியாது.