கோமதிநாயகம் கொடுத்த கண்ணாடிக் கடைக் கார்டு

கோமதிநாயகத்தின் மகள் செல்வி போனில் அழுதுகொண்டே, "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே அடங்கிவிட்டாராம். நான் "நல்லவேளை" என்றேன். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு அவளே, "ஆமா அங்கிள். சொல்லிட்டுத்தான் போனார்" என்றாள். அவளுக்கும் எனக்கும் அது புரிந்தது. மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தில்லித் தமிழர்களில் நாயகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. என்னையும் பலருக்குத் தெரியும், 'கண் போன கடிகாரக்காரர்' என்று. அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது, யார் கொடுத்தார், யார் திரும்ப எடுத்தார் என்பதைச் சொல்லாமல் நாயகத்துக்கு அஞ்சலி எழுத முடியாது. செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்பார்கள். எனக்கு அது வராது. அவருக்கும் அது பிடிக்காது.

அவர் ராணுவத்தின் சாமான் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். நான் ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்து, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வெளியே வந்த கும்பகோணத்துக்காரன். இருவருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. முனிர்காவில் ஒரு அறை எடுத்தோம். கம்பெனிகள் தீபாவளிக்கு ஊழியர்களுக்கும் டீலர்களுக்கும் கொடுக்கும் பரிசுகளை வாங்கித் தருவதுதான் எங்கள் தொழில். கிப்ட் கார்டு அவர் பொறுப்பு. கடிகாரம் என் பொறுப்பு.

கடிகாரத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கனாட் பிளேஸ் ஷோரூம்களில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நுழைந்து, வாங்குகிறவன் மாதிரி கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறை போனால் விரட்டுவார்கள். மூன்றாம் முறையும் போனேன். அசலைப் பார்த்த கையோடு பஸ் ஏறிப் போய், நடைபாதையில் விற்கும் நகலை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். அசலில் டயல் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், நகலில் பிசிறடிக்கும். தேதி எண் கட்டத்தின் நடுவில் நிற்காது, ஒரு நூல் இறங்கியிருக்கும். முள்ளை நகர்த்தும் பக்கத்துத் திருகைச் சுற்றினால் மணல் மென்றதுபோல் விரலில் நறநறக்கும். பெட்டியையும் பில்லையும் வைத்து ஒரு கடிகாரத்தை எடைபோடக் கூடாது. போலி செய்கிறவன் பெட்டியைத்தான் முதலில் நகல் எடுப்பான்.

நாயகத்துக்குக் கடிகாரமே பிடிக்காது. "சாமான் குடுத்தா குடுத்தவனுக்குத் தலைவலி. கார்டு குடுத்தா வாங்கினவன் பாத்துக்கிடுவான்" என்பார். "கார்டு காலாவதியாகும் ஓய், கடிகாரம் ஆகாது" என்பேன். "அது நின்னுல்லா போவும்!" என்று சிரிப்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்னவே பூதக்கண்ணாடி" என்பதுதான் எனக்குக் காலை வணக்கம்.

ஆனால் அவர் கார்டு விற்ற விதத்தை நான் மதித்தேன். ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி தன் காவலாளிகளுக்குத் தீபாவளிக் கார்டு கேட்டது. ஒரு பெரிய மால் துணிக்கடையின் கார்டில் எங்களுக்குக் கமிஷன் அதிகம். முதலாளியும் அதுதான் கௌரவம் என்றார். நாயகம் அவரிடம் ஹிந்தியில் ஒரே கேள்வி கேட்டார்: "பாய் சாப், அந்த மால் வாசலில் நிற்பவனே உங்கள் ஆள்தான். டூட்டி முடிந்து அதே ஆள் லுங்கியோடு வந்தால், அடுத்த ஷிப்டில் நிற்கும் உங்கள் ஆள் உள்ளே விடுவானா?" முதலாளி ஒத்துக்கொண்டார். நாயகம் அந்தக் காவலாளிகள் குடியிருந்த பகுதிக்கே பஸ்ஸில் போய், அங்கே கிளை வைத்திருந்த மளிகைக் கடையின் கார்டாக மாற்றிக் கொடுத்தார். "பரிசுன்னா குடுக்கிறவன் ஆசை இல்லவே, வாங்குறவன் வீட்டு அடுப்பு" என்றார். எங்கள் கமிஷன் பாதியாகக் குறைந்தது. அதற்கு நான் சண்டை போடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சண்டை அதற்கடுத்த வருடம் வந்தது. ஒரு பெயின்ட் கம்பெனி தன் சிறந்த டீலர்களுக்கு வெளிநாட்டுக் கடிகாரம் கேட்டது. எந்த மொத்த வியாபாரியிடம் வாங்க வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். சரக்கு வந்தது. பெட்டி, பில், உத்தரவாதச் சீட்டு எல்லாம் பளபளப்பாக இருந்தன. முதல் கடிகாரத்தை லென்ஸில் பார்த்தேன், பிறகு அடுத்ததை. கையில் எடுத்த எல்லாமே போலி. டெலிவரி கொடுக்க மாட்டேன் என்றேன்.

நேரு பிளேஸில் அவர்கள் ஆபீசில் பேச்சு நடந்தது. மேனேஜர் இளைஞர். "அங்கிள்ஜி, பேப்பர் எல்லாம் இருக்கிறதே!" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மொத்த வியாபாரி தன் வக்கீலோடு வந்திருந்தான். போலி என்று எழுதிக் கொடு, மானநஷ்ட வழக்குப் போடுகிறேன் என்றான். நான் பேனாவைத் திறந்தேன். அப்போது நாயகம் என் கைமேல் கை வைத்து அழுத்திக்கொண்டு, மேனேஜரிடம் ஹிந்தியில் பேசினார். "இவர்மேல் கோபப்படாதீர்கள். வயதாகிவிட்டது, கண் போய்விட்டது. இவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நாங்கள் கடிகாரம் கொடுப்பதில்லை. இவருக்கோ பார்க்க முடியவில்லை. சரக்கு அப்படியே திரும்பிப் போகட்டும். அதே மதிப்புக்கு கனாட் பிளேஸ் ஷோரூம் கார்டு தருகிறேன். டீலர்கள் தாங்களே போய்ப் பிடித்த கடிகாரத்தை வாங்கிக்கொள்ளட்டும்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மேனேஜர் சிரித்தார். வக்கீல் பையை மூடினான். என் வாய் மட்டும் திறந்தபடி நின்றது. அது போதாது என்று நாயகம் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கடையின் கிப்ட் கார்டை எடுத்து, அவர்கள் முன்னாலேயே என் சட்டைப் பையில் செருகினார். "நல்ல கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போடும்வே."

படியிறங்கும்போது கேட்டேன். "என் கண்ணுக்கு என்ன ஓய் கேடு?"

"ஒரு கேடும் இல்ல."

"அப்ப மேல போய் அதைச் சொல்லும்."

"சொல்ல மாட்டேன்."

அதோடு கூட்டு முடிந்தது. அறையின் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

கதை எனக்கு முன்னால் ஊர் சுற்றியது. வெளிநாட்டிலிருந்து வந்த கடிகாரத்தை என்னிடம் காட்ட வருகிறவர்கள் நின்றுபோனார்கள். கோல் மார்க்கெட்டில் காய் வாங்கினால் கடைக்காரன் சில்லறையை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக அழுத்தி வைப்பான். ஒருநாள் மந்திர் மார்க்கில் நம் தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, நான் கடக்க நினைக்காத ரோட்டைக் கடக்க வைத்தார். நானாகக் கற்ற வித்தை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பட்டமோ சான்றிதழோ கிடையாது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர்தான் என் சான்றிதழ். அதை ஒரே வாக்கியத்தில் எடுத்துவிட்டார். என் மனைவி இறந்தபோது நாயகம் வந்து வாசலில் நின்றார். நான் பேசவில்லை.

வருடங்கள் போயின. போன பிப்ரவரியில் ஒரு மாலை போன் வந்தது.

"வே, நான்தான்."

"எந்த நான்?"

"நாயகம்."

"கண் தெரியாதவன்கிட்ட என்ன வேலை?"

"அதத்தான் பேசணும். காலையில பேத்தி கல்யாணத்துக்கு வாரும். லென்ஸ் கொண்டாரும்."

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்குப் போட ஒரு விலையுயர்ந்த கடிகாரத்தைச் செல்வியின் கணவர் துபாயிலிருந்து வந்த ஒருவர் மூலம் வாங்கியிருந்தார். அன்று மண்டபத்தில் அதைப் பார்த்த மாப்பிள்ளையின் மாமா, கோயம்புத்தூர்க்காரர், எல்லோர் காதிலும் விழும்படி, "டெல்லியிலீங்களா வாங்குனீங்க? இங்க டூப்ளிகேட்டுக்கே ஒரிஜினல் பில்லு குடுப்பாங்களாமுங்க" என்று சிரித்திருக்கிறார். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. நாயகம் அன்று சாப்பிடவில்லை என்று செல்வி சொன்னாள்.

நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் கூட்டத்தின் நடுவில் நாயகம் என் கையில் கடிகாரத்தை வைத்தார். ஒரு விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில்தான் என் வலக்கண்ணில் நிஜமாகவே புரை விழுந்திருந்தது. எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். இடக்கண் நன்றாக இருந்தது. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் அது மட்டும் போதாது. கண் சரியில்லை என்று சொன்னால் நாயகத்தின் பழைய பொய் உண்மையாகிவிடும். பார்க்காமல் நல்லது என்று சொன்னால் நான் பொய்யனாகிவிடுவேன்.

"வெயில்ல பாக்கணும்" என்றேன்.

வெளியே பனிமூட்டம். எதிர்ச் சுவர்கூடத் தெரியவில்லை. "வெயில் எப்பங்க வரும்? முகூர்த்தம் வந்துருமுங்க" என்றார் மாமா. நாயகம் வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி, என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டார். "வெயில் வரட்டும். இவர நான் எத்தன வருசம் காக்க வச்சேன். நாம கொஞ்ச நேரம் காத்திருந்தா ஒண்ணும் கொறஞ்சிறாது" என்றார்.

பனி விலகி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் சூரியன் தெரிந்தது. திருகைச் சுற்றினேன், வெண்ணெய்போல் நகர்ந்தது. தேதி எண் கட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. லென்ஸை இடக்கண்ணில் வைத்தேன். எழுத்தின் விளிம்பு கத்தி வெட்டு. மறுபடி பார்த்தேன். அவசரமே படவில்லை. எனக்காகச் சிலர் காத்திருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"அசல்" என்றேன். "போடலாம்."

செல்வி கடிகாரத்தை வாங்கிக் கணவர் கையில் கொடுத்தாள். நாயகம் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி, நல்ல உரக்கச் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவரு கண்ணு போயிட்டுன்னு ஊருக்குச் சொன்னவன் நான்தான். அது பொய். அன்னைக்கு அத்தனையும் போலி. இவரு ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது. இவரு கண்ணு என்னைக்கும் கெட்டதில்ல." நம் சங்கத்துக்காரர்கள் பலர் அங்கே இருந்தார்கள். நான் யார் யார் என்று பார்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நீரு எழுதிக் குடுத்திருந்தா அந்தப் பய கோர்ட்டுக்கு இழுத்திருப்பான். நீரும் விட்டிருக்க மாட்டீரு. உம்ம வீட்டம்மா அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நீரு கோர்ட்டு வராந்தாவுல நின்னிருந்தா அவங்க பக்கத்துல யாருவே இருந்திருப்பா?"

அவள் கடைசி வரை நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது உண்மை. "காரணம் சரி ஓய். ஆனா என்னைக் கேட்டிருக்கணும்" என்றேன். "கேட்டா விட்டிருப்பீரா?" என்றார். விட்டிருக்க மாட்டேன். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "வலது கண்ண மூடிக்கிட்டுல்லா பாத்தீரு. யாரும் கவனிக்கல" என்றார்.

"இடது போதும்."

"அதான் நானும் நெனச்சேன். அந்தக் கண்ணாடிக் கடைக் கார்டு?"

"தொடவே இல்ல. காலாவதி ஆயிடுச்சு."

"சனியன் ஒழிஞ்சுது!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். என் புரை ஆபரேஷனுக்கு அவர்தான் கூட வந்தார். புதுக் கார்டு ஒன்றை நீட்டினார். மறுத்துவிட்டு என் காசில் கண்ணாடி வாங்கினேன்.

அதனால்தான் 'நல்லவேளை' என்றேன். சொல்லாமல் போயிருந்தால் அவரை எரிக்கும் இடத்திலும் நான் கோபமாக நின்றிருப்பேன். இப்போது வருத்தத்தோடு மட்டும் நிற்க முடிந்தது. நண்பனுக்காக வெறுமனே வருத்தப்பட முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கேதான் தெரிந்தது. காலாவதியான அந்தக் கார்டு என் பர்ஸில் இருக்கிறது. அது இருக்கும். "வெயில் வரட்டும்" என்று அவர் சொன்னதும் என்னோடு இருக்கும்.

காரியத்தன்று அவர் வீட்டிலிருந்து கிளம்பினேன். மாடிப்படியில் ஒருவர், அன்று மந்திர் மார்க்கில் என்னைக் கடக்க வைத்தவரேதான், "பார்த்து சார், பார்த்து" என்று என் முழங்கையைப் பிடித்தார். மேலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"விடுங்க சார். அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அப்பாவே சொல்லியிருக்காரு."

அவர் கையை விட்டார். நானே படியிறங்கினேன்.