தண்ணீர் குடிக்கச் சொல்லும் ஊர்

இந்த ஊரில் எல்லோரும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக அலைகிறார்கள். விரிவுரை நடக்கும்போதே குடிக்கிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது குடிக்கிறார்கள், பிறகு யாரையும் கேட்காமல் எழுந்து கழிப்பறைக்குப் போய்வருகிறார்கள். இங்கிலாந்துக்குப் படிக்க வந்த புதிதில் எங்களை உட்காரவைத்து ‘வெல்னஸ்’ என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். நேரத்துக்குத் தூங்கு, காலைச் சாப்பாட்டை விடாதே, மனம் சோர்ந்தால் யாரிடமாவது பேசு, நிறையத் தண்ணீர் குடி. இலங்கையில் கஹவத்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ஸ்காலர்ஷிப்பில் வந்தவள் நான். இதையெல்லாம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வைத்தா சொல்லித்தர வேண்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்த வாய்தான் கொஞ்ச நாளில் காய்ச்சலில் உளறியது. இடுப்புக்கு மேலே விண்விண்ணென்று தெறித்தது, சிறுநீர் போனால் எரிந்தது. கல்லூரி கிளினிக்கில் ஹெலன் என்ற தாதி, எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். காலையில் கொஞ்சம் பிளேன்டீ, அப்புறம் பொழுதுபட்டு அறைக்குத் திரும்பிய பின்தான் என்றேன். விரதமா என்றார். இல்லை, பழக்கம் என்றேன். உங்கள் ஊரில் தண்ணீருக்கு அவ்வளவு கஷ்டமா என்று கண் கலங்கி, ஏழை நாடுகளில் கிணறு வெட்டும் அமைப்பொன்றுக்குத் தானும் உதவுவதாகச் சொன்னார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் கிணறு வெட்டப்போகிறாராம். பெரிய மழை பெய்தால் தண்ணீர் தானே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் அது.

எங்களுக்கு இல்லாதது தண்ணீர் அல்ல, ஒதுங்க ஓர் இடம். அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் கிடையாது. செடிக்குள் ஒதுங்கினால் அட்டை, பாம்பு. அதைவிடப் பெரிய தொல்லை மேலே பாதையில் நின்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி. லயம்வரை இறங்கிப்போய் வந்தால் கொழுந்து நிறை குறையும், அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். ஆகவே பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். விடியலில் வாயை நனைப்பதோடு சரி, பின்னேரம் கடைசி நிறுவை முடியும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. மாதவிலக்கு நாளிலும் காலையில் கட்டிய துணிதான். எங்கள் பள்ளிக்கூடக் கழிப்பறையும் எந்நேரமும் பூட்டியே கிடக்கும் என்பதால் அம்மா என்னையும் அப்படியே பழக்கினார். “பொம்பளப் புள்ள அடக்கப் பழகணும்” என்பார். நானும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன். மாடிக்கு மாடி பளபளவென்று கழிப்பறை இருக்கும் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடக்கி அடக்கி நோயை வாங்கியவள் என்னைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

ஊரில் இதை வாசிக்கும் கேம்பஸ் பிள்ளைகளே, தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள். சொல்வது லேசு என்று எனக்கும் தெரியும்.

எனக்கு மருந்தில் சுகமாகிவிட்டது. அம்மாவுக்கு ஆகவில்லை. இந்த வருடம் காய்ச்சலும் குளிருமாக அவரை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சிறுநீரகம் கெட்டுவிட்டது, மற்றதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், நன்றாகத் தண்ணீர் குடியுங்கள் என்று டொக்டர் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். “ஹரி மாத்தயா”, சரி ஐயா, என்று தலையாட்டிவிட்டு வந்த அம்மா, உடம்பு தேறியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். கேள்விப்பட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் உடனே போன் எடுத்தேன்.

“தண்ணி குடிக்கிறீங்களாம்மா?”

“குடிக்கிறேன்டி. பொழுதுபட்டு வந்து குடிக்கிறேன்.”

“பகல்ல?”

“குடிச்சிட்டு எங்க போயி ஒதுங்குறது? கங்காணி மறைப்புக்குக் கொட பிடிப்பாரா?”

“அப்ப வேலைய விடுங்க. எம்பிலிப்பிட்டியில சின்னம்மா வா வான்னு கூப்புடுறாங்கதானே. அவங்க வீட்ல போயி இருங்க.”

அம்மா சொன்னார்: “அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. நானும் தோட்டத்துல பேர வெட்டுனா காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க புள்ள. நீ படிச்சு முடிச்சிட்டு வந்தா எங்க வந்து எறங்குவ? சின்னம்மா வீட்டு வாசல்லயா?”

காம்பரா என்றால் லயத்தில் எங்களுக்கு இருக்கும் அந்த ஒற்றை அறை. தோட்டத்தில் வேலை செய்யும்வரைதான் அது எங்களுடையது. பரம்பரை பரம்பரையாக உழைத்தும் அந்த மண்ணில் ஒரு பிடி எங்கள் பெயரில் இல்லை.

ஆனால் நான் திரும்பிப் போகப்போவதில்லை. இங்கேயே வேலை தேடத் தொடங்கிவிட்டேன், அம்மாவுக்கு அது தெரியாது. ‘நான் வரமாட்டேம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய் வேண்டுமட்டும் தண்ணீர் குடிப்பார். அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டால் அந்தக் காம்பராவும் போய்விடும், ஊர் என்று சொல்ல எனக்கு எதுவும் மிஞ்சாது. இங்கே இருப்பதோ வாடகை அறை, விசா இருக்கும்வரைதான் அதுவும்.

போன ஞாயிறும், “எப்ப வருவ?” என்று கேட்டார்.

“படிப்பு முடிஞ்சதும் வந்துருவேம்மா” என்றேன்.

சந்தோஷமாகப் போனை வைத்தார். நான் ஒருநாளும் குடியிருக்கப்போகாத அறைக்காக, அம்மா நாளைக்கும் மலையில் அடக்கிக்கொண்டு நிற்பார்.