டீச்சருக்கு பட்டர்வொர்த்தில் ஒரு சித்தி

1993 ஆகஸ்டு 14, சனிக்கிழமை. அப்பா அரைநாள் வேலைக்குத் துறைமுகம் போயிருந்தார். அம்மா ஜெலுத்தோங் சந்தையில் வாங்கிய மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்குப் போடும் கான்வாஸ் சப்பாத்தைத் துவைத்து வெள்ளை பூசி, ஜன்னலோரம் காயவைத்தேன். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான். அன்று கூடுதலாக, பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் அத்தையைப் பார்க்க வந்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களுடன்தான் இருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. அந்த வேலை செய்யும் பெண்களின் உடல்நலம் பற்றித்தான் ஆய்வு. வந்தவர்களில் ஒருவர் தமிழர், விரிவுரையாளர். அம்மா வாசலிலேயே அவரை ‘டீச்சர்’ ஆக்கிவிட்டார். மற்றவர் அவருடைய மாணவி, சீனப் பெண், தமிழ் தெரியாது. டீச்சர் சேலை கட்டி, பொட்டு வைத்து வந்திருந்தார். நம்மவர் என்றால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கேள்வியை ஆரம்பித்தது அம்மா.

“சொந்த ஊரு எது டீச்சர்?”

“ஈப்போ. சித்தி மட்டும் பட்டர்வொர்த்ல இருக்காங்க.”

“பட்டர்வொர்த்ல எங்க?”

டீச்சர் இடத்தைச் சொன்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையைக் காட்டி, “அட, நம்ம மாப்பிள்ளை வீடு அங்கதான்லா! இவளுக்குத் தை மாசம் கல்யாணம். ஒங்க சித்திக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்!”

டீச்சர் சிரித்தபடி ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினார். “வேலையில ஏதாவது கஷ்டம் இருக்கா?”

“இல்ல டீச்சர்” என்றார் அத்தை.

“தலைவலி, கண்வலி?”

“ஒண்ணும் இல்ல. கண்ணு நல்லா தெரியுது.”

பஸ் நம்பரை என்னைப் படிக்கச் சொல்பவர் அத்தை. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

டீச்சர் அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கருவியை அணைத்தார். “அக்கா, மீன் குழம்பு எப்படி வைக்கிறீங்கன்னு காட்டுங்களேன்” என்று அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். போகிற போக்கில் மாணவியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இவ்வளவு படித்தவர், வந்த வேலையை விட்டுவிட்டுப் புளி கரைக்கிறாரே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

காய்ந்த துணியை எடுக்க அத்தை வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதைக்குப் போனார். மாணவியும் போய், துணி காயும் மூங்கில் கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மலாயில் பேசினார்கள். மாணவியுடையது சந்தை மலாய், அத்தையுடையது தொழிற்சாலை மலாய். வாளியோடு பின்னால் நின்ற எனக்குப் பள்ளி மலாய் போதுமாயிருந்தது. கம்பி இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். சாயங்காலமானால் எதிரே வருபவர் முகம் கலங்குகிறதாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமாம்.

“இதை எழுதட்டுமா, காக்?” என்று மாணவி கேட்டார், அக்கா என்பதற்கு மலாயில் அப்படி.

அத்தை ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “எழுது. பேரு மட்டும் போடாதே.”

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் என்னிடம் சொல்லாததை, அன்றுதான் பார்த்த ஒரு பெண்ணிடம், இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத மொழியில் சொல்வதா? அத்தையின் வாயை மூடியதே டீச்சரின் சித்திதான் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. டீச்சர் அதைக் கண்டுகொண்டு, அம்மாவை அடுப்படியில் பிடித்துவைத்திருந்தார் என்பதும் விளங்கவில்லை. ஒரு பயத்தை முதல்முறை சொல்ல, அதை எந்த உறவு வீட்டுக்கும் கொண்டுபோகாத காது வேண்டியிருக்கிறது. அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

மறுநாள் காலை அத்தை முகம்கூடக் கழுவாமல் நேராக அடுப்படிக்குப் போனார். “அண்ணி, எனக்குக் கண்ணு சரியா தெரியல” என்றார், தமிழில்.

அம்மா அடுப்பை அணைத்தார். அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.