பஞ்சு படாத இடம்

"புதுக்கோட்டை. தோல் மருத்துவ மேற்படிப்பு வகுப்பு. எனக்கு முன் ஒருவர்." என் நாட்குறிப்பில் ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இவ்வளவுதான் இருக்கிறது. வாராவாரம் நடக்கும் அந்த வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, என் படர்தாமரையோடு என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

எனக்கு முன் இருந்தவர் துபாயில் லாரி ஓட்டுபவர். மருதாணியிட்ட தாடி. எதைக் கேட்டாலும் கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவார். முதுகில் வெளிறிய திட்டு ஒன்று. அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு மாணவி பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"தெரியுது, தெரியுது."

பேராசிரியை சைகை காட்டினார். மாணவி பஞ்சை விலக்கிக்கொண்டு, "இப்ப?" என்றார்.

"நல்லாத் தெரியுதும்மா."

ஒரு மாணவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. ஏன் அப்படிச் சொல்றார்னு கேக்குறதும் பாடந்தான்" என்ற பேராசிரியை, அவர் பக்கம் குனிந்தார். "பாய், பயணம் எப்ப?"

"அடுத்த வாரம். தொழுநோய்னு எழுதிட்டா வேலை போச்சுங்க."

"மாத்திரை சாப்பிட்டா குணமாயிரும். மறைச்சா கையும் காலும் மரத்துப்போயிரும்."

அவர் தானாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

"திரும்பத் தொடச் சொல்லுங்க. இந்தத் தடவ நெசத்தைச் சொல்றேன்."

மாணவி மூன்று முறை தொட்டார். அவர் வாயே திறக்கவில்லை.

மருந்தை முடித்துக்கொண்டு அவர் துபாய் திரும்பிவிட்டதாகப் பின்னர் ஒருவர் சொன்னார். அதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.