அஞ்சலை வேண்டாம் என்ற படம்

சென்ற ஆண்டு ஐப்பசி பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். திருவண்ணாமலையில் விடியவிடியப் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. மலையில் பாதி மேகத்துக்குள் இருந்தது. அந்த நேரத்தில் என் தம்பி காலமானார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு எழுபத்தொன்று. வரிசைப்படி நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை அவர் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்க மாட்டார். துக்கத்துக்கு வந்தவர்களை ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

"நினைவு மலர்ல நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மாமா, போதும்" என்று ஒன்றுவிட்ட தங்கை மகன் கேட்டான். நாலு வார்த்தையில் அடங்குகிற தொல்லையைத் தம்பி எனக்குக் கொடுக்கவில்லை.

தம்பி பிறந்தது கீழ்பென்னாத்தூரில். அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். தம்பிக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா தவறிவிட்டார். பள்ளிக்கூடச் செலவும், பிறகு சென்னையில் ஒளிப்பதிவு படித்த செலவும் என்னுடையவை. படித்து முடித்து ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். பதினான்கே மாதத்தில் அதை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பினார்.

கல்யாண வீடியோ எடுத்தே பிழைத்திருக்கலாம். மூன்று கல்யாணம் எடுத்தார். மூன்றாவதில், எடுத்ததை அப்படியே பெண் வீட்டாருக்குப் போட்டுக் காட்டி, எது வேண்டாம் என்று கேட்டார். பெண்ணின் அத்தை தன் நாத்தனாரை நீக்கச் சொன்னார். நாத்தனார் அத்தையை நீக்கச் சொன்னார். இருவரையும் நீக்கிவிட்டார். மிச்சமிருந்த படத்தில் சமையல்காரர்கள்தான் அதிகம். அதோடு கல்யாணத்துக்குக் கூப்பிடுவது நின்றது.

புத்தி வந்திருக்க வேண்டும். அவரோ அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஏதாவது ஒரு வேலை செய்யும் மனிதர்களோடு மாதக்கணக்கில் இருப்பார். கேமராவை அவர்கள் கையிலேயே கொடுப்பார். எடுத்ததையெல்லாம் சுவரில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டுவார். யார் எதை வேண்டாம் என்றாலும் அது போய்விடும். எல்லோரும் சரி என்ற பிறகுதான் வெளியே காட்டுவார். முடிவில் வரும் எழுத்தில் அத்தனை பேருடைய பெயரோடு ஒன்றாகத் தன் பெயரையும் போட்டுக்கொள்வார். அப்படி நாற்பத்தாறு பெயர்களுக்கு நடுவில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

செங்கம் சாலை ஆட்டோ ஸ்டாண்டைப் பற்றி எடுத்த படம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதில் மலை இல்லை. ஓட்டுநர் ஒருவர், "மலைய எதுக்கு சார் காட்றீங்க, அது எல்லார் போட்டோலயும் நிக்குது. எங்க சண்டைய காட்டுங்க" என்றாராம். உடைந்த கண்ணாடிக்காக நடந்த சண்டை பதினோரு நிமிடம் ஓடியது. ஆசிரமம் பக்கத்துக் காபிக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் படத்தைப் புகழ்ந்தார்கள். தம்பியின் அறை வாடகையை அவர்களில் ஒருவரும் கொடுக்கவில்லை. கேடயங்கள் ஏழு வந்தன. அவை இப்போது என் பீரோ மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

கடைசிப் படம் கீழ்பென்னாத்தூரில் விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் பெண்களைப் பற்றியது. எண்ணெய்க்குப் போகிற கடலையை மிஷின் உடைத்துவிடும். விதைக்குப் போகிறது சிதையக் கூடாது, அதனால் கையால் உரிப்பார்கள். பதினான்கு பெண்கள், ஆறு வருடம். கேமராவும் கம்ப்யூட்டரும் வாங்க வங்கிக் கடன் எடுத்தார். ஜாமீன் நான். அந்தப் பெண்களிடம் ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டவர், என் முன்னால் தாளை வைத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுண்ணா" என்றதோடு சரி.

படம் முடிந்தது. போட்டுக் காட்டிய அன்று பதின்மூன்று பேர் சரி என்றார்கள். அஞ்சலை என்ற பெண் வேண்டாம் என்றார். இளவயதில் புருஷனை விட்டு ஒரு வருடம் தனியே இருந்ததை அவர் உரித்துக்கொண்டே பேசியிருந்தார். இப்போது மகளுக்குச் சம்பந்தம் முடிந்திருந்தது. படத்தில் பாதி அவர் பேசியது, மீதியில் பாதி அவர் கையால் எடுத்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடம். கடன் நிற்கவில்லை.

சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதால் தம்பியின் இதயம் கெட்டது. கடைசிப் பத்தொன்பது நாள் என் வீட்டில் படுத்திருந்தார். அண்ணா சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. "அஞ்சலை அக்கா ஏதாவது சொல்லி அனுப்பிச்சாங்களாண்ணா?" என்றுதான் கேட்டார்.

"சொல்ல மாட்டாங்கடா. அவங்கள வெட்டிட்டு வித்துடு."

"அது அவங்க எடுத்த படம்ண்ணா. நான் எப்படி வெட்றது?"

"அப்ப கடன் யார் எடுத்ததுடா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

முப்பதாம் நாள் முடிந்ததும் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். படங்களை வாங்கி இணையத்தில் போடும் கம்பெனியாம். ஏழு லட்சம் தருவதாகச் சொன்னார். "கல்யாணம் கட்டாதவரு, நீங்கதான் சார் வாரிசு. ஒரு கையெழுத்து போதும். அந்தம்மா மூஞ்சிய வேணும்னா மறைச்சுக்கலாம்." கடன் தீர்ந்து கையிலும் நிற்கும். மறுநாளே கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கடலை மண்டிக்குப் பின்னால் கொட்டகையில் பெண்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறு வருசம் படம் புடிச்சாரு டைரக்டரு, ஒரு நாளு பவுடர் போட்டுக்கன்னு சொன்னாரா?" என்றார் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள்.

"முகத்தை மறைச்சிடுவாங்கம்மா."

"மூஞ்சிய மறைச்சா? என் கொரலு எங்க ஊரு நாய்க்குக் கூடத் தெரியும்யா."

உங்களுக்கு ஒரு லட்சம் தருகிறேன் என்றேன். பக்கத்திலிருந்தவர், "அடியே, லட்சமாண்டி! ஒத்துக்கோ, எனக்குப் பாதி குடு" என்று அவர் தோளில் இடித்தார்.

அஞ்சலை சிரிக்கவில்லை. "லட்சத்த எடுத்துனு போயி சம்பந்தி வூட்ல குடுத்தா எம்பொண்ண வச்சிப்பாங்களா? இப்பதான் மூணு மாசம் முழுவாம இருக்குது."

"தம்பியே போயிட்டான். கடன் என் தலையில இருக்குது."

"அவரு போயிட்டா நான் வேணாம்னு சொன்னதும் போயிடுமா? கடனு நானாய்யா வாங்கச் சொன்னேன்?"

கோபத்தோடு திரும்பினேன். வழியெல்லாம் அந்த அம்மாளைத் திட்டினேன். அதைவிட அதிகமாகத் தம்பியைத் திட்டினேன்.

சென்னைக்காரர் ஒப்பந்தத்தோடு மறுபடி வந்தார். நான்காம் பக்கத்தில், படத்தில் தோன்றும் அனைவரும் முழுச் சம்மதம் அளித்துள்ளனர் என்று ஒரு வரி இருந்தது. நான் முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். பொய் என்று தெரிந்தே எழுதிக்கொண்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டுத் தாருங்கள் என்றேன்.

"அத அடிச்சா படத்த வாங்க முடியாது சார். யார் வந்து கேக்கப் போறாங்க?"

"அந்தம்மா கேப்பாங்க. நீங்க கெளம்புங்க."

தம்பியின் கொள்கை எனக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் பேச வேண்டாம். இன்றைக்கும் பிடிக்கவில்லை.

தம்பியைக் கட்டணம் வாங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கு நன்றி. துக்கத்துக்கு வேன் பிடித்து வந்து வாசலில் கடைசி வரை நின்ற பதினான்கு பெண்களுக்கும் நன்றி. அஞ்சலையும் அதில் அடக்கம். "படத்த வித்துடுங்க, யாருக்குத் தெரியும்" என்று போனில் யோசனை சொன்ன உறவினர்களுக்கும் நன்றி. உங்களில் யாரும் ஒரு தவணை கட்டவில்லை. என் வைப்புத்தொகையை உடைத்து, சென்ற மாதம் கடனை நானே அடைத்தேன். வட்டியும் சேர்த்து நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.