மக்கி உட்காரும் டப்பா

மூடியைத் திறந்து, மூக்கைப் பொத்தாமல், உஷாராணி உள்ளே குனிந்து பார்ப்பார். நேரம் காலை ஏழு மணி. இடது கையில் பாத்திரம் தேய்க்கும்போது போடும் மஞ்சள் ரப்பர் உறை, வலது கையில் பென்சில், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. பச்சை டப்பாவை ஒரு குலுக்கு, நீல டப்பாவை ஒரு குலுக்கு. அட்டையில் அந்த வீட்டு எண்ணுக்கு நேரே ஒரு சரி, அல்லது ஒரு பெருக்கல் குறி. பிறகு அடுத்த வாசல். துவாரகாவில் பதினைந்து மாடி, மாடிக்கு நாலு வீடு என்று நிற்கிற அந்தக் கட்டடத்தில், எட்டு மணிக்குள் அறுபது வீட்டுக் குப்பையையும் படித்து முடித்துவிடுவார்.

படித்து என்று சொன்னால் மிகையில்லை. எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் டயட் இரண்டாம் நாளே கைவிடப்பட்டது, யார் வீட்டு மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உப்பே ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் ஆறாம் மாடி டாக்டர் வீட்டில் வாரம் ஒரு ஊறுகாய் பாட்டில் காலியாவதும் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. குருகிராமில் வேலை பார்க்கும் மகள் ஷ்வேதா, "மா, யாரு வீட்ல டெய்லி பிஸ்ஸா வருது? பதாவோ நா, சொல்லும்மா!" என்று நச்சரித்தாலும், "குப்பையில பாத்தத வாயால சொல்லக் கூடாதுட்டி" என்று முடித்துவிடுவார்.

வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் சாத்தூர். லோதி ரோட்டில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை. தலைமையகம் எதைப் புதிதாக ஆரம்பித்தாலும் அதை ஊழியர்கள் தலையில் கட்டுகிற பொறுப்பு எப்படியோ உஷாராணியிடம்தான் வந்து சேரும். விடுப்பு விண்ணப்பத்தைக் காகிதத்தில் எழுதாமல் கணினியில் போடவைக்க அவருக்கு நாலு வருஷம் ஆனது. ஐந்தாம் வருஷம் அந்தப் பழைய காகிதப் படிவம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு மேலதிகாரியே வந்து நின்றார். உஷாராணி சிரித்தபடி கணினியைக் காட்டினாராம்.

அலுவலகத்தில் பட்டது போதாதென்று வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டார். "லிஃப்ட் இல்லாத வியாழன்" என்று ஒன்று கொண்டுவந்தார்; அது சரியாக ஒரே ஒரு வியாழன் நடந்தது. மெட்ரோ நிலையம் வரை நாலு பேர் ஒரே காரில் போகும் திட்டம், ஏசியை எத்தனையில் வைப்பது என்ற சண்டையில் மூன்றாம் நாள் கவிழ்ந்தது. சொசைட்டிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் "ஸ்கீம் ஆன்ட்டி". அது அவர் காதிலும் விழுந்தது. "நல்ல பேருதான் வச்சிருக்குதுக" என்று சிரித்துக்கொண்டாலும், அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டார் என்று கணவர் ஜெயகிருஷ்ணன் சொல்கிறார்.

ஜெயகிருஷ்ணன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. மனைவியின் திட்டங்களுக்கெல்லாம் முதல் உறுப்பினர் அவர்தான். பல திட்டங்களுக்குக் கடைசி உறுப்பினரும் அவர்தான்.

போன வருஷம் பிறந்தது குப்பைத் திட்டம். வீட்டுக்கு இரண்டு டப்பா. ஈரக் குப்பை பச்சையில், உலர்ந்தது நீலத்தில். பச்சை டப்பாவில் சேர்வதைக் கட்டடத்தின் பின்னால் ஒரு கொட்டகையில் போட்டு உரமாக்குவது. அந்தக் கொட்டகை இரண்டு கார் நிறுத்துகிற இடத்தில் வந்ததால் கமிட்டியில் பாதிப் பேருக்கு அதன்மேல் ஆரம்பத்திலிருந்தே கண். கடைசியில் தலைவர் சட்டா ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மாதம் பார்ப்போம். கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாவையும் திறந்து பார்ப்போம். அறுபதில் நாற்பத்தெட்டு வீடு சரியாக இருந்தால் திட்டம் நிற்கும். ஒன்று குறைந்தாலும் கொட்டகை போகும், கார் வரும்.

"இதுவும் போச்சுன்னா இனிமே இந்த சொசைட்டியில நான் வாயத் தொறக்க மாட்டேங்க" என்று அன்று கணவரிடம் சொன்னார் உஷாராணி. விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது ஜெயகிருஷ்ணனுக்குத் தெரிந்தது.

அலுவலக முறைப்படி எல்லாம் செய்தார். கிளப் ஹவுஸில் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினார். சமோசா கொடுத்தார். கரோல் பாக் வரை போய் ஸ்டிக்கர் அச்சடித்து வந்தார்: பச்சை டப்பாவுக்கு "கீலா", அதாவது ஈரம், நீலத்துக்கு "சூக்கா", அதாவது காய்ந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள், சமோசாவைப் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டுக் குப்பை டப்பாவைத் தொட்டு வருஷக்கணக்கில் ஆகிறது என்பது உஷாராணிக்கு அப்போது உறைக்கவில்லை. டப்பாவைத் தொடுகிறவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள். அந்த நேரத்தில் அவர்கள் மேலே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் ஓடியது. அட்டையில் சரிக் குறி பத்தொன்பதைத் தாண்டவில்லை. உஷாராணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒரு நாள் காலை மூன்றாம் மாடியில் வைத்து ராம்வதியைப் பிடித்துக்கொண்டார். ராம்வதி அந்தக் கட்டடத்தில் ஐந்து வீடுகளில் வேலை செய்பவள். நாற்பது வயது இருக்கும். குரல் மட்டும் நாலு மாடிக்குக் கேட்கும். அவள் வைத்த நீல டப்பாவுக்குள் முந்தின நாள் ரொட்டி நாலு கிடந்தது. பச்சை டப்பாவுக்குள் பால் கவர்.

"யஹ் க்யா ஹை, ராம்வதி? என்ன இது? எத்தனை தடவை சொல்றது?" கோபம் வந்தால் உஷாராணிக்கு இந்தியும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும்.

ராம்வதி பயப்படவில்லை. ஒரு ரொட்டியை எடுத்து உடைத்துக் காட்டினாள். அது அப்பளம் போல் முறிந்தது. "சூக்கீ ஹை நா, தீதி?" காய்ந்துதானே இருக்கிறது, அக்கா? பிறகு பால் கவரை எடுத்து உதறினாள். உஷாராணி சொன்னபடியே அதைக் கழுவியிருந்தாள், தண்ணீர் சொட்டியது. "அவுர் யஹ் கீலீ ஹை." இது ஈரம். ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன், என்னை ஏன் திட்டுகிறீர்கள் என்பது போலப் பார்த்தாள்.

உஷாராணி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு அந்த இடத்தில் நினைவு வந்தது தன் முதல் வாரம்தான். கல்யாணமாகி டில்லிக்கு வந்த புதிது. காலையில் ஒரு ஆள் கதவைத் தட்டி, "கூடா!" என்று கத்துவான். இந்தியில் கூடா என்றால் குப்பை. சாத்தூர்ப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஏதோ கூடாது என்கிறான், கோலம் போட்டதுதான் கூடாதோ என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். அப்படி ஒரு வாரம். ஏழாம் நாள் நாற்றம் தாங்காமல் ஜெயகிருஷ்ணன் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆளுக்கும் அவருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. சொல்தான் இருவரையும் ஏமாற்றியது.

"சரி, நீயே சொல்லு" என்றார் ராம்வதியிடம், பக்கத்துப் படியைத் தட்டி. "உனக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றது?"

ராம்வதி உட்காரவில்லை. நின்றபடியே யோசித்தாள். "மக்கீ பனா தோ, தீதி." ஓர் ஈயின் படத்தைப் போட்டுவிடுங்கள். மக்கி உட்காருவதெல்லாம் ஒரு டப்பா, உட்காராதது இன்னொரு டப்பா. ரொட்டியில் நாளைக்கு மக்கி உட்காரும். பால் கவரைக் கழுவாவிட்டால் உட்காரும். கழுவினால் எதற்கு உட்காரப்போகிறது?

மக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் உஷாராணி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாத்தூர் நகராட்சித் தொட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது என்ன? மக்கும் குப்பை, மக்காத குப்பை. ஈரம், காய்ந்தது என்ற பேச்சே அங்கே கிடையாது. தன் ஊரில் சரியாகச் சொல்லியிருந்ததை விட்டுவிட்டு, இங்கிலீஷ் படம் காட்டி, அதை இந்தியில் பெயர்த்து, ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறோம். "நம்ம ஊருல மக்கும்னான், இவ மக்கிங்கறா. ரெண்டும் ஒரே டப்பாதான்" என்று அன்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

அறுபது வீட்டு ஸ்டிக்கரையும் அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். பச்சை டப்பாவில் கறுப்பு மையில் ஓர் ஈ வரைந்தார். அவர் வரைந்த ஈ பார்ப்பதற்குப் பல்லி மாதிரி இருந்தது. ராம்வதிதான் இறக்கையைத் திருத்திக் கொடுத்தாள். விளக்கக் கூட்டம் மறுபடி நடக்கவில்லை. வேலைக்காரப் பெண்கள் வரும் லிஃப்டில் ராம்வதி தன் நாலு மாடிக் குரலில் ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. உஷாராணி லோதி ரோட்டில் தன் மேஜையில் உட்கார்ந்து, வேலைக்கு நடுவே, நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு என்று முணுமுணுப்பதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டா அட்டையோடு வந்தார். இன்னும் இரண்டு கமிட்டி உறுப்பினர்களும் வந்தார்கள்; இருவரும் இரண்டாவது கார் வாங்கியவர்கள். முதல் மாடியிலிருந்து ஏறினார்கள். பதினைந்தாம் மாடிக்கு வந்தபோது ஐம்பத்தாறு டப்பா முடிந்து நாற்பத்தைந்து சரி. அந்த மாடியில் மற்ற மூன்று வீட்டில் ஒன்று போயிற்று, இரண்டு தேறியது. நாற்பத்தேழு. மிச்சம் இருந்தது உஷாராணி வீடு. மரியாதைக்காகத் தன் வீட்டை அவர் கடைசியில் வைத்திருந்தார்.

சட்டா பேனாவை மூடியே விட்டார். "பஸ், ஹோ கயா, மேடம்!" முடிந்துவிட்டது என்று கையை நீட்டினார். ஆனாலும் உஷாராணி முறையாக மூடியைத் திறந்தார், முறையாகக் குலுக்கினார்.

தேங்காய் நாருக்கும் வெண்டைக்காய்க் காம்புக்கும் நடுவில் ஒரு கருவேப்பிலைக் கொத்து. அதன் அடித்தண்டில் கட்டுப் பிரிக்காத சிவப்பு ரப்பர் பேண்ட்.

யாரும் பார்க்கவில்லை. சட்டா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் உறை போட்ட கை டப்பாவுக்குள்தான் இருந்தது. இரண்டு விரலை மடக்கினால் போதும். வாசலில் நின்ற ஜெயகிருஷ்ணன் மட்டும் பார்த்துவிட்டார். காலையில் ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்து, வாடிய கொத்தை அப்படியே போட்டவர் அவர்தான். உஷாராணி கொத்தை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"சட்டா ஜி, யஹ் ரிஜெக்ட் ஹை."

"அரே, ஒரு ரப்பர் பேண்டுக்கா? சோடியே, விடுங்க மேடம்!" என்று சட்டா சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

"வேணும்னு போடல உஷா, கவனிக்கல" என்றார் ஜெயகிருஷ்ணன் மெல்ல.

"தெரியுங்க. ஆனா ஒரு ஷாம்பு பாக்கெட்டுக்காக வேலைக்கு வர்ற புள்ளைகள வாசல்ல நிக்கவச்சுக் கேட்டவ நானு. நம்ம வீட்டு டப்பாவுக்கு மட்டும் வேற சட்டமா?" என்றார் உஷாராணி. தன் கையாலேயே தன் வீட்டு எண் 1504க்கு நேரே பெருக்கல் குறி போட்டார். நாற்பத்தேழு. கொட்டகைச் சாவியைத் திங்கள் காலை சொசைட்டி ஆபீஸ் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று இரண்டாவது கார்க்காரர் ஞாபகப்படுத்தினார். அன்று மத்தியானம் ஜெயகிருஷ்ணன் மூன்று தடவை காபி போட்டுக் கொடுத்தார். மூன்றையும் உஷாராணி குடித்தார்.

திங்கட்கிழமை அட்டை இல்லை, பென்சில் இல்லை. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு உஷாராணி கீழே இறங்கினார். ஆபீஸ் அறைக்குப் போகிற வழி கொட்டகையை ஒட்டித்தான். அதன் வாசலில் ராம்வதி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு இரண்டு பச்சை டப்பாவோடு.

ஸ்கீம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் ஒரே லாரியில்தான், கலந்தே போடலாம் என்று உஷாராணி தட்டுத்தடுமாறிச் சொன்னார். கமிட்டி அப்படி முடிவு செய்துவிட்டது.

"கமேட்டி?" என்றாள் ராம்வதி. "கமேட்டி எந்த வீட்டில் குப்பை எடுக்கிறது, தீதி? கலந்து போட்டால் மக்கி எங்கள் கையில்தானே உட்காரும்? மூணு வாரமா கை நாறல. ஜல்தி கோலோ, சீக்கிரம் திறங்க, எனக்கு இன்னும் நாலு வீட்டு வேலை பாக்கி." அவசரம் என்றால் அவளுக்கும் இப்போது கொஞ்சம் தமிழ் வருகிறது.

உஷாராணி பூட்டைத் திறந்தார். ஒவ்வொருத்தியாகக் கொட்டினார்கள். ஒரு டப்பாவிலும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இல்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

கடைசியாகக் கொட்டிவிட்டு, ராம்வதி ஐந்து வீட்டு டப்பாக்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்டாள்.

அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர் உஷாராணி. ஆபீஸ் அறை இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ராம்வதியின் துப்பட்டா முனையைப் பிடித்து இழுத்து, அதில் சாவியை வைத்து, இரண்டு முடிச்சாக முடிந்துவிட்டார்.