ஆடிக் காற்றுக்கு அளவெடுத்த நிஜாமுதீன்

லப்பைக்குடிக்காட்டு நிஜாமுதீன் துபாயிலிருந்து ஒரு ஜின்னைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, வண்டியில் பூட்டி ஏரியில் ஓட்டினார் என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பேச்சு. அரியலூரில் இறங்கியபோது ஜின் இரண்டாகியிருந்தது. கீழப்பழுவூர் போவதற்குள் ஒன்றுக்குக் கொம்பும் முளைத்துவிட்டது. மூன்றாவது ஜின் பிறப்பதற்குள் விசாரித்துவிடலாம் என்று குடிக்காட்டுக்கே போனால், பெட்டியில் வந்தது பாராசூட் துணி. பதினெட்டு கஜம்.

நிஜாமுதீன் வெல்டர். வயது முப்பத்திரண்டு. கைலிக்கு மேல் கட்டிய பச்சை பெல்ட்டோடு சேர்த்து நிறுத்தால் ஐம்பது கிலோ தேறுவார். துபாயில் அவருடைய கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர், வெள்ளிக்கிழமைதோறும் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து பெரிய பட்டமொன்றைப் பறக்கவிடுவார். பட்டம் இழுக்க, வண்டி மணல்வெளியில் பறக்கும். அச்சு பற்றவைத்துக் கொடுத்தது நிஜாமுதீன். ஒரு தடவை ஏறிக்கொள்ளச் சொல்வார் என்று மூன்று வருஷம் காத்திருந்தார். துரை தேங்க்ஸ் சொன்னார், இறங்கவில்லை.

1983இல் லீவில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. உள்ளூரிலேயே பட்டறை போட ஆசை. இடம் மாமனார் பீர் முகமதுவின் கையில்: அவருடைய அரிசி மண்டிக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த அறை. மருமகன் வெளிநாட்டில் இருந்தால்தான் மண்டிக்கு மதிப்பு என்பது மாமனாரின் கட்சி.

“இங்க நீ செஞ்சு ஓடுன சாமான் ஒண்ணு காட்டு மாப்ளே, பாப்போம்.”

“மாடு இல்லாம, பெட்ரோல் இல்லாம காஞ்ச ஏரியக் குறுக்க ஓட்டறேன் மாமா.”

“உன் வண்டி கெழக்குக் கரையத் தொட்டுட்டா சாவி உனக்கு. தொடலன்னா திங்கக்கெழம பிளேனு.”

வண்டி இரண்டு நாளில் தயார். பட்டத்தில்தான் சிக்கல். டெய்லர் செல்லதுரை இரண்டு தைத்திருந்தார். சின்னது நாலு கஜம், ஜமுக்காளம் மாதிரி. பெரியது பதினாலு கஜம், அரைப் பந்தல் மாதிரி.

“பெருசையே எடுத்துக்குங்க பாய். கொஞ்சம் லூசாத் தைக்கிறதுதான் நம்ம பழக்கம்.”

“அது வளர்ற புள்ளைக்குய்யா. நான் வளர்ந்து முடிச்சாச்சு.”

சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. தோற்றால் ஊர் சிரிக்கும். ஆகவே வியாழக்கிழமை விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு, ஆளரவம் இல்லாத வறண்ட ஏரிக்குப் போனார்கள். ஆடிக் காற்றும் அந்நேரம் எழுந்திருக்கவில்லை. சின்னப் பட்டம் ஈரத்துண்டுபோலக் கிடந்தது. பெரியது எழுந்து, பால்காரர் சைக்கிள் வேகத்தில் அவரை மரியாதையாக இழுத்துப் போனது.

வீட்டில் மனைவி குல்சும் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏங்க, காலைல துணி காயப்போட்டா கிளிப்பே வேணாம். மத்தியானம் போட்டா கிளிப்பையும் சேத்துத் தேடணும். சின்னத எடுங்க.”

“துணியும் பட்டமும் ஒண்ணா?”

“துணியிலதான தைச்சிருக்கீங்க?”

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆண்கள் செய்வதை நிஜாமுதீனும் செய்தார். டீ கேட்டார்.

மாமனாருக்கு ஒழிவது ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகுதான். ஊருக்கும் அப்படியே. வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு ஏரியில் காற்று தலைத்தொப்பிகளைக் கழற்றி வரவேற்றது. “சின்னது வண்டியிலயே கெடக்கு பாய்” என்று செல்லதுரையே குரல் இறங்கிச் சொன்னார். நேற்று ஓடியது பெரியதுதானே? கயிறு கை நழுவக்கூடாது என்று அதைப் பச்சை பெல்ட்டில் முடிந்துகொண்டார் நிஜாமுதீன்.

பட்டம் எழுந்தது. முக்கால் ஏரியை வண்டி எப்படிக் கடந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லார் கண்ணிலும் மண். கிழக்குக் கரைக்குச் சற்று முன்னால் ஒரு கருவேலங்கட்டை. வண்டி நின்றது. அவர் நிற்கவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாளின் சோளக்கொல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வானத்திலிருந்து வந்து, கொல்லைப் பொம்மையைக் கட்டிப்பிடித்து, அதோடு கீழே சாய்ந்ததை அந்தம்மாள் களைக்கொத்தும் கையுமாகப் பார்த்தார்.

“யாரு பாய் நீங்க?”

“பக்கத்து ஊருதாம்மா.”

இந்தப் பக்கம் பீர் முகமது வண்டிக்கும் கரைக்கும் நடுவே காலால் அளந்தார். பதினோரு அடி.

“மாப்ள தாண்டிட்டாரு. வண்டி தொடல.”

ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. கட்டையில் முட்டிய வண்டியைக் குனிந்து பார்த்தார். குழாய் வளைந்திருந்தது, பற்றவைத்த ஓர் இடமும் விடவில்லை. உதைத்துப் பார்த்தார். செல்லதுரையை ஏறிக் குதிக்கச் சொன்னார். விடவில்லை. சோளத்தாளோடு கரையேறி வந்த மருமகனிடம் சாவியை நீட்டினார்.

“பந்தயத்துல நீ தோத்துட்ட, அத மறந்துடாத. திங்கக்கெழம மண்டிக் கதவுக் கீலு ரெண்டையும் பத்தவை. அப்புறம் பேசலாம்.”

பட்டறைக்கு இப்போது மூன்று வயது. ஜின் கதையைக் கேட்டால் நிஜாமுதீன் மறுப்பதில்லை. அதைக் கேட்டே வெல்டிங்குக்கு ஆள் வருகிறதாம். கொளஞ்சியம்மாள்தான் விடுவதாக இல்லை. பொம்மை முறிந்ததற்கு, கதிர் பிடிக்கும் சமயத்தில் ஒரு பகல் முழுக்க நிஜாமுதீனே கொல்லையில் கை விரித்து நின்று குருவி ஓட்டித் தரவேண்டும் என்பது அன்றைய தீர்ப்பு. இவர் இரும்பில் ஒரு பொம்மை செய்து அனுப்பினார். அதன் தோளில் காக்கை கூடு கட்டியது, அந்தம்மாள் திருப்பி அனுப்பிவிட்டார்.

“பொம்மைய ஒடச்சது ஆளு. ஆளுதான் வந்து நிக்கணும்” என்கிறார்.

“வர்ற வெள்ளிக்கெழம நிச்சயம்மா” என்கிறார் இவர். மூன்று வருஷமாக.